தபால்காரி தீக்காவும் மலையேறிய ஊர்மன்றமும்

1957 ஜனவரியில், பனி உறைந்த படியில் தபால்காரர் லெயோன்சியோ வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவர் தோளில் கிடந்த தபால் பை மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் எழுபது படி உருண்டு, கீழே ரொட்டிக்கடை வாசலில் போய் நின்றது. நாலு பேர் ஒரு கதவைக் கழற்றி அதில் அவரைப் படுக்கவைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி எஸ்கொலாஸ்திக்கா எதிர்த்திசையில் இறங்கி ஓடினாள். பையைத் திறந்து பார்த்தாள். ஒன்பது கடிதம், ஒரு பார்சல்.

"இதக் குடுத்துட்டு வந்துடறேன்யா. ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்று படியின் அடியிலிருந்து கத்தினாள்.

"எனக்கு இடுப்பு ஒடிஞ்சு கெடக்குடி!" என்று கதவின் மேலிருந்து பதில் வந்தது.

"வைத்தியர் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வந்துருவேன்."

வந்தும்விட்டாள். மறுநாளும் பையை எடுத்துக்கொண்டாள், அதற்கடுத்த நாளும். லெயோன்சியோவின் இடுப்பு ஒருவழியாகக் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அவர் வீட்டிலேயே உட்கார்ந்து செருப்புத் தைக்க ஆரம்பித்தார். பை தீக்காவின் தோளிலேயே தங்கிவிட்டது. ஊரில் எல்லோரும் அவளைத் தீக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப்பெயரைச் சொல்வதற்குள் அவள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பாள்.

தலைநகரில் இருந்த தபால் அதிகாரிகளுக்கு இந்த மாற்றம் தெரியாது. மூன்று வருஷம் அவர்கள் லெயோன்சியோ பெயருக்கே உத்தரவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தீக்கா தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவாள்.

"தபால்!"

"உள்ள வாங்கம்மா" என்பார் லெயோன்சியோ, வாயில் ஆணிகளைக் கவ்வியபடி.

"கையெழுத்துப் போடணுங்க."

"பேனா இல்லையே."

"இல்லாட்டி கஞ்சி இல்ல."

பேனா உடனே கிடைத்துவிடும்.

ரொக்கெதால் ஒரு சுண்ணாம்புப் பாறையின் முதுகில் தொங்குகிற ஊர். கீழே சதுக்கமும் அதைச் சுற்றிய தெருக்களும் கீழூர். அங்கிருந்து இருநூற்றுப் பதினோரு படி ஏறினால் மேலூர். அதற்குப் பெயர் மோரெரியா, ஒரு காலத்தில் மூர்கள் என்கிற முஸ்லிம்கள் குடியிருந்த பகுதி. அதற்கும் மேலே கோட்டை. கோட்டை என்றால் ஒரே ஒரு சுவர்தான். மிச்சக் கோட்டையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் கீழூர் வீடுகளாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் பன்ஃபீலோவின் கழுதைக் கொட்டிலுக்கு ராஜாக்கள் எட்டிப்பார்த்த ஜன்னல் அமைந்திருந்தது. கழுதை அதில் தலையை நீட்டிக்கொண்டு தெருவில் போவோரை மேற்பார்வை பார்க்கும்.

மூர்களை நாடுகடத்தி முந்நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் மலைச்சரிவில் வெட்டிய வாய்க்கால் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சதுக்கத்து நீரூற்றுக்கு அதில்தான் தண்ணீர் வந்தது. மேலூரில் அவர்கள் மழைத்தண்ணீர் சேர்க்கத் தொட்டிகள் கட்டிவைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்கு வெடி வைத்தபோது அந்தத் தொட்டிகள் விரிசல் விட்டன. அன்றிலிருந்து மோரெரியாவின் முப்பத்தோரு வீட்டுப் பெண்களும் தண்ணீருக்குக் கீழே இறங்கி ஏறினார்கள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், இருநூற்றுப் பதினோரு படி. ஊர்மன்றத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: தண்ணீர் மேலே ஏறாது.

லெயோன்சியோ விழுந்த பிறகு படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடிக் கம்பியாவது போடுங்கள் என்று தீக்கா மனுக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு மனு வீதம் ஒன்பது மனு. ஊர்மன்றச் செயலர் நிக்காசியோ ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி அழகாக அடுக்கிவைத்தார்.

1966 கோடை முடிகிற சமயம். பெட்ரோ பாபுலாவின் மதுக்கடையில் ஒரு செய்தித்தாள் கிடந்தது. அதில் மூன்று வரிச் செய்தி. மாகாணத்துக்குப் புது வரைபடம் போடப்போகிறார்கள். மாகாணத்தின் மிக உயரமான ஊர் வால்ஃப்ரீயா என்று அதில் இடம்பெறும்.

ஊரே கொதித்துப்போயிற்று. வால்ஃப்ரீயா எதிர்மலையில் இருக்கிற ஊர். பெயரில் இருக்கிற 'வால்' என்றாலே பள்ளத்தாக்குதான், அது உயரமான ஊராம்!

"நம்ம ஆடு மூத்திரம் பேஞ்சா அவனுங்க ஊருக்குத்தான் ஓடும். அவன் ஒசரமா?" என்றார் மருந்துக்கடைக்காரர் பன்ஃபீலோ.

"வர்ற சர்வேயர் ஊர்மன்றத்து வாசப்படியிலதான் பித்தளைக் குமிழ் பதிப்பாராம். அதுதான் ஊரோட உயரமாம்" என்றார் செயலர் நிக்காசியோ, ஈனக்குரலில். "நம்ம மன்றம் சதுக்கத்துல, அடிமட்டத்துல இருக்கு. அவங்க மன்றம் அவங்க ஊர் உச்சியில."



மறுநாள் காலை மேயர் தோன் காஸ்தோ படியேறி வந்தார். அவர் மேலூருக்கு வந்தது கடைசியாக எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நிக்காசியோ ஒரு பழைய தோல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோரெரியாவின் கடைசி வீடு, ஊரின் மேல்வாசலை ஒட்டிய வீடு, தீக்காவுடையது. அவள் அப்போதுதான் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா தீக்கா, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன் மேயரய்யா. உக்காருங்க, உயிர் போயிடப்போகுது."

மேயர் உட்கார்ந்தார். நிக்காசியோ உட்காராமல் நேராக அடுப்படிக்குப் போய், அடுப்புக்கு மேலிருந்த கல்லைத் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு பூசிப் பூசி மழுங்கிய கல். நடுவில் ஏதோ புடைப்பாக இருக்கும். தீக்காவின் மாமியார் அதைத் தவளை என்று சொல்லுவார். நிக்காசியோ பேனாக்கத்தியால் சுரண்டினார். தவளையின் முதுகிலிருந்து மூன்று கோபுரங்கள் வெளிப்பட்டன.

"நம்ம ஊர்ச் சின்னம்!" என்று கத்தினார் நிக்காசியோ. "புத்தகத்துல இருக்கறது சரிதான். இங்க ஒரு தீ விபத்து ஆகறதுக்கு முன்னால ஊர்மன்றம் இந்த வீட்டுலதான் கூடியிருக்கு. இருநூறு வருஷத்துக்கு முன்னால."

"அப்ப இத்தன நாளா ஊர்மன்றத்துல வச்சா நான் பூண்டு வதக்கிக்கிட்டிருந்தேன்?" என்றாள் தீக்கா.

மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விஷயம் என்னன்னா, சர்வேயர் வர்ற அன்னிக்கு மட்டும், ஒரே ஒரு நாள், உன் முன்னறையில கொடிய ஏத்திக்கிறோம். அவர் வாசப்படியில குமிழப் பதிச்சுட்டுப் போனதும் எடுத்துடறோம். ஊரோட மானம்மா."

தீக்கா லெயோன்சியோவைப் பார்த்தாள். அவர் செருப்பில் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் முகம் இப்படி இருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"தாராளமா. ஆனா எல்லாம் முறைப்படி நடக்கணும். தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. ஊர்மன்றம் இந்த வீட்டுக்கு மாறிடுச்சுன்னு. கூட்டம் எல்லாம் இங்கதான்னு. அதுல ஒரு நாள், ரெண்டு நாள்னு எழுதாதீங்க. சர்வேயர் படிச்சுப் பாத்தா சிரிப்பாரு."

"அது நியாயம்தான்" என்றார் மேயர். நிக்காசியோ மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவள் சொன்னபடியே எழுதினார். அவர் மனைவிக்கு அம்மா வீடு மோரெரியா.

அக்டோபரில் சர்வேயர் வந்தார். பெயர் எவாரிஸ்தோ, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், வழுக்கைத் தலை. நகரத்துச் சப்பாத்து ரெண்டு நாளில் வாயைப் பிளந்துவிட்டது. லெயோன்சியோ அதை ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அளக்கிற அன்று வால்ஃப்ரீயாவின் மேயர் இரண்டு சாட்சிகளோடு வந்து, குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது பொம்பளையோட அடுப்படி, இதா ஊர்மன்றம்?" என்றார்.

நிக்காசியோ தீர்மானப் புத்தகத்தையும் அடுப்புக்கு மேலிருந்த மூன்று கோபுரத்தையும் காட்டினார். தீக்கா எல்லோருக்கும் சோம்பு மது ஊற்றினாள். சர்வேயர் அளவுக்கருவி பொருத்திய முக்காலியை ஒவ்வொரு படியாக நகர்த்தி, கண்ணாடிக்குள் பார்த்து, நோட்டில் எழுதி, மத்தியானம் வரை எடுத்துக்கொண்டார். பிறகு வாசற்படியில் பித்தளைக் குமிழைப் பதித்துவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

"சதுக்கம் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு மீட்டர். இந்த வாசப்படி ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொண்ணு."

வால்ஃப்ரீயா ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. பத்தொன்பது மீட்டரில் தோற்ற வால்ஃப்ரீயா மேயர், கொடுத்த மதுவை முடிக்காமலே இறங்கிப்போனார். கீழே தேவாலய மணியை அடித்த அடியில் மணியடிப்பவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. அன்று சாயங்காலம் சதுக்கத்தில் ஆட்டுக்கறியும் வறுத்த ரொட்டித்தூளும் திராட்சையும் பரிமாறினார்கள். பன்ஃபீலோ தன் கழுதைக்கும் ஒரு கிண்ணம் மது வைத்தார்.

தீக்கா விருந்துக்குப் போகவில்லை. மறுநாள் விடிகாலையில் சர்வேயரை எழுப்பி, மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேட்டுப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகிற வழியில் ஓநாய் ஊற்று இருக்கிறது. ஊரிலிருந்து ஒரு மணி நேர நடை. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. ஒன்பது வருஷமாக அவள் அதில் முகம் கழுவிவிட்டுப் போகிறாள். அது தன் வீட்டைவிட உயரத்தில் இருப்பதாக அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். ஆனால் இடையில் ஒரு பள்ளம் இறங்கி ஏறுவதால் கண்ணால் சொல்ல முடியாது.

"அய்யா, இது என் வாசப்படிக்கு மேலயா கீழயா? அத மட்டும் சொல்லுங்க."

"இது என் வேலையில இல்லையேம்மா."

"உங்க சப்பாத்தக் காசில்லாம தைக்கிறதும் என் புருஷனோட வேலையில இல்லதான்."

எவாரிஸ்தோ சிரித்துவிட்டு முக்காலியை விரித்தார். பைன் மரங்களுக்கு நடுவே, பள்ளத்தில் இறங்கி, ஏறி, மத்தியானத்துக்கு மேல் வீடு வந்து சேர்ந்தார்கள். அவர் நோட்டைக் கூட்டிக் கழித்தார். பிறகு இன்னொரு முறை கூட்டினார்.

"ஐம்பத்தெட்டு மீட்டர் மேல. குழாய் போட்டா மோட்டாரே வேணாம். பள்ளத்துல எறங்கி, தானா இந்த வாசலுக்கு ஏறி வரும்."

தீக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். குடம் தூக்கித் தூக்கி உச்சந்தலையில் முடி கொட்டிப்போன இடத்தை அவள் கை தானாகத் தடவியது. அவள் அம்மாவுக்கும் அதே இடத்தில் முடி இல்லை.

"இத ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. கையெழுத்தும் போடுங்க. பேனா வேணுமா?"

சர்வேயர் பஸ் ஏறிப் போனதும் மேயர் ரெண்டு ஆளோடு கொடியை இறக்க வந்தார். தீக்கா வாசலில் நின்றாள்.

"எதுக்கு எறக்கறீங்க?"

"அதான் முடிஞ்சிருச்சே."

"என்ன முடிஞ்சிருச்சு? தீர்மானம் இருக்கு. மன்றம் இங்கதான், கூட்டம் இங்கதான். வால்ஃப்ரீயாக்காரங்க வேவு பாக்க ஆள் விட்டிருக்காங்க தெரியுமில்ல? நேத்து மதுக்கடையில ஒருத்தன் உக்காந்து, அடுத்த கூட்டம் எங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தான். கீழ கூடினீங்கன்னா மறுநாளே மாகாணத்துக்கு எழுதிப் போட்டுருவாங்க."

வேவுக்காரன் உண்மையிலேயே இருந்தான். வால்ஃப்ரீயா மேயரின் மைத்துனன் அவன். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வருகிற சாக்கில் வந்து, படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து ஒரு சிகரெட் புகைத்துவிட்டுப் போவான். அதனால் மேயரும் ஆறு உறுப்பினர்களும் மாதம் தவறாமல் இருநூற்றுப் பதினோரு படி ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு அறுபது வயதுக்கு மேல்.

நவம்பர் கூட்டத்துக்கு வந்தபோது பன்ஃபீலோ வழுக்கி, பதினாறு படியைப் பின்பக்கத்தாலேயே இறங்கினார். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் படிக்கட்டு முழுக்கக் கைப்பிடிக் கம்பி வந்துவிட்டது. லெயோன்சியோ அதைப் பிடித்துக்கொண்டு, பத்து வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தானாகவே கீழே இறங்கி, மதுக்கடைக்குப் போய், சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு, தானாகவே ஏறி வந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். மதுக்கடையில் ரத்தப் பொரியல் தின்றுவிட்டு வந்ததாகத் தீக்கா சொன்னாள்.

ஜனவரிக் கூட்டத்தில் மேயர் முன்னறைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல, "தீக்கா, தொண்டை காயுது, ஒரு செம்பு தண்ணி" என்றார்.

தீக்கா காலிக் குடத்தை மேஜை மேல் வைத்தாள்.

"குடம் இங்க இருக்கு மேயரய்யா. தண்ணி கீழ இருக்கு."

"வெளையாடாதம்மா."

"போன மாசம் வரைக்கும் நான் தூக்கிட்டு வந்த தண்ணிய ஏழு பேரு குடிச்சீங்க. ஏழு செம்புன்னா கால் குடம். இன்னிலேருந்து குடிக்கிறவங்க தூக்கட்டும்."

பக்கத்து வீட்டு உர்பானாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். "எங்க வீட்டுலயும் இல்லீங்க" என்றாள் உர்பானா, கேட்காமலே. மோரெரியா முழுவதும் அன்று ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது.

கூட்டம் ஆரம்பித்தது. மேய்ச்சல் நிலம் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்து, இருமல் வந்து நிறுத்தினார். பன்ஃபீலோ நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டார். கடைசியில் உறுப்பினர்களில் இளையவரான கொல்லர் செவெரோ குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்கே நாற்பத்தெட்டு வயது. திரும்பி வந்தபோது சட்டை முழுக்க ஈரம், குடத்தில் பாதிதான் மிச்சம், முகம் செங்கல் நிறம்.

"எங்கம்மா இதத்தான் தெனம் நாலு தடவ செஞ்சாளா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். செவெரோ மேலூரில் பிறந்து, கல்யாணமானதும் கீழூருக்குக் குடி போனவர்.

"சனிக்கிழம அஞ்சு தடவ. குளிக்கிற நாள்" என்றாள் உர்பானா.

அப்போதுதான் தீக்கா சர்வேயரின் காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தாள். ஐம்பத்தெட்டு மீட்டர், தானா வரும், கையெழுத்து. நிக்காசியோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படித்தார். பிறகு, யாரும் கேட்காத ஒரு தகவலையும் சேர்த்துச் சொன்னார். பொதுக் கட்டடத்துக்குத் தண்ணீர் வசதி செய்ய மாகாணத்திலிருந்து உதவி கேட்கலாம். தனி வீட்டுக்குக் கேட்க முடியாது, ஊர்மன்றத்துக்குக் கேட்கலாம்.

"அப்படின்னா, இந்த வீடு ஊர்மன்றமா இருக்கறதால..." என்று மேயர் மெல்ல இழுத்தார்.

"நீங்கதானய்யா மாத்துனீங்க" என்றாள் தீக்கா.

செவெரோதான் முதலில் கையைத் தூக்கினார். ஏழு கையும் உயர்ந்தது.

குழாய் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் ரெண்டு முறை வெடித்தது. வேலையாட்களுக்கு வழி காட்டப் போய் தீக்கா தபாலைத் தாமதமாகக் கொடுத்த நாட்களும் உண்டு, யாரும் புகார் சொல்லவில்லை. 1968 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, முன்னறைக்கு வெளியே சுவரில் பதித்த குழாயைத் திறந்தார்கள். முதலில் வெறும் காற்று சீறியது. பிறகு குழாய் ரெண்டு முறை தும்மி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பெண்கள் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். அடுத்த வாரம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தனிக் குழாய் வரப்போகிறது, ஆனாலும் நின்றார்கள். கலங்கல் தெளிந்து தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியபோது ஒருத்தியும் குடத்தை நீட்டவில்லை. தண்ணீர் பாட்டுக்குக் கல்தரையில் ஓடி, படிக்கட்டில் இறங்கி, கீழூரை நோக்கிப் போயிற்று. அதை வீணாகப் போகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பெரிய சுகமாக இருந்தது.

"தண்ணி மேல ஏறாதுன்னாங்க" என்றாள் உர்பானா. அவள் கண் கலங்கியிருந்தது.

"அது ஏறலடி. எறங்கி வந்திருக்கு" என்றாள் தீக்கா. பிறகு தலைமுழுக்க நனைகிற மாதிரி குழாயடியில் குனிந்தாள். லெயோன்சியோ வாசலிலிருந்து, "சளி பிடிக்கும்டி, கிறுக்கச்சி!" என்று கத்தினார்.

அதன்பின் பதினோரு வருஷம் ஊர்மன்றம் அவள் முன்னறையிலேயே கூடியது. அவள் பின்னறையில் பயறு பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். தப்பாக ஏதாவது பேசினால் உள்ளேயிருந்தே திருத்துவாள். எந்தப் பண்ணைக்கு எந்தப் பாதை, யாருடைய கூரை ஒழுகுகிறது, யார் மகன் பார்சலோனாவிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் தபால் பையோடு ஊரைச் சுற்றுகிற அவளுக்குத்தான் தெரியும். 1979-இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிற காலம் வந்தபோது, அவளைப் பின்னறையில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று ஊருக்கே தோன்றிவிட்டது. அவள் ஜெயித்தாள்.

முதல் கூட்டத்தில் எழுந்து நின்று அவள் கொண்டுவந்த தீர்மானம்: ஊர்மன்றத்தை மறுபடி கீழே சதுக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

"பைத்தியமா உனக்கு?" என்று எழுந்துவிட்டார் பன்ஃபீலோ. அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. "ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொண்ணு! போயிடும்!"

"போகட்டும். போன வாரம் தபால் குடுக்கப் போறேன், நம்ம ரொட்டிக்கடை ஹசிந்தா பாதிப் படியில உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. ஓய்வூதியத் தாள்ல ஒரு முத்திர வாங்கணுமாம், முட்டி மடங்கலயாம். கீழூருல அவள மாதிரி முப்பது பேரு. நூத்தம்பது வருஷம் நாங்க ஏறி எறங்கினோம். இப்ப அவங்க ஏறணுமா? அதோட எனக்கு என் முன்னறை வேணும். பன்னெண்டு வருஷமா என் கட்டில அடுப்படியில போட்டுப் படுத்துக்கிட்டிருக்கேன்."

நாலுக்கு மூன்று ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. அடுத்து வந்த வரைபடத்தில் ரொக்கெதால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு மீட்டருக்கு இறங்கிவிட்டது. பத்து நாள் கீழூர் ஆண்களில் பாதிப்பேர் தீக்காவிடம் பேசவில்லை. கடிதத்தை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹசிந்தா தினமும் அவள் பையில் ஒரு சூடான ரொட்டியைத் திணித்து அனுப்பினாள்.

பதினோராம் நாள் பஸ் டிரைவர் சதுக்கத்தில் ஒரு பெரிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை இறக்கிவைத்தார். வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. மேலே ஒரு அட்டை: 'எஸ்கொலாஸ்திக்கா அம்மையாருக்கு, மாகாணத்தின் மிக உயரமான ஊரான வால்ஃப்ரீயாவின் மனமார்ந்த நன்றி.'

மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். திட்டினார்கள், அட்டையைக் கிழிக்கச் சொன்னார்கள், கட்டியை ஆற்றில் உருட்டிவிடச் சொன்னார்கள். தீக்கா மதுக்கடைக்காரரிடம் கத்தி வாங்கி, நீரூற்று விளிம்பில் வைத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார் பன்ஃபீலோ, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே.

அவள் இன்னொரு துண்டு வெட்டி அவரிடம் நீட்டினாள். பன்ஃபீலோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"உப்பு ஜாஸ்தி. அந்த ஊர்க்காரனுங்களுக்கு எதுலதான் அளவு தெரியும்?" என்றார். ஆனால் கையை மறுபடியும் நீட்டினார்.